பிட் கணக்கும் பைட் கணக்கும்

தரவு ஓடும் வேகத்தை அளக்க இரண்டு கணக்குகள் புழக்கத்தில் உள்ளன. தொலைத்தொடர்புக்காரர் பிட்டில் எண்ணுவார். சேமிப்புக் கருவி செய்பவர் பைட்டில் எண்ணுவார். புத்தளத்தில் ஒரு வீட்டுக்கு வரும் இணைய இணைப்பில் 8 என்று எழுதியிருந்தால் அது செக்கனுக்கு 8 மெகாபிட். அதே வீட்டு மேசையில் கிடக்கும் ஹார்ட் டிஸ்கின் பெட்டியில் 120 என்று இருந்தால் அது செக்கனுக்கு 120 மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் எட்டால் வகுத்து வரும் விடையும் திரையில் தெரியும் வேகமும் ஒத்துப்போவது அபூர்வம். இரு தரப்பாரும் வேறு வேறு அலகில் எண்ணுவதோடு, வேறு வேறு பொருளையும் எண்ணுகிறார்கள் என்பதுதான் காரணம்.

இந்தப் பிரிவு கம்பிகளின் எண்ணிக்கையிலிருந்து வந்தது. தந்தியும் தொலைபேசியும் ஒரு கம்பியில் அல்லது ஒரு சோடிக் கம்பியில் ஓடின. அதில் ஒரு துடிப்புக்குப் பின் இன்னொரு துடிப்புத்தான் போக முடியும். எண்ணுவதற்கு வேறு ஒன்றும் இல்லை. கணினிக்குள்ளே நிலைமை வேறு. பழைய கணினிகளைத் திறந்தால் தெரியும் அகலமான சாம்பல் நிறப் பட்டைக் கேபிளில் தரவுக்கென்றே எட்டோ பதினாறோ கம்பிகள் பக்கம் பக்கமாக ஓடும். ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் ஒரு முழு பைட் வந்து விழும்போது அதை எட்டாகப் பிய்த்து எண்ண யாருக்கும் தோன்றாது. டிஸ்குகளைக் கணினியோடு இணைக்க 1986இல் வெளிவந்த முதல் ஸ்கசி தரம் எட்டுத் தரவுக் கம்பிகளில் செக்கனுக்கு 50 லட்சம் துடிப்புகளை அனுப்பியது. அதனால் அதன் வேகம் 5 மெகாபைட் ஆயிற்று. அதையே தொலைபேசிப் பொறியியலாளர் 40 மெகாபிட் என்று எழுதியிருப்பார்.

காந்த நாடாவில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. பெருங்கணினிக் காலத்து ஒன்பது தட நாடாவின் அடர்த்தி அங்குலத்துக்கு 1600 பிட் என்று குறிக்கப்பட்டது. அது ஒரு தடத்துக்கு உரிய எண். ஒன்பது தடங்களில் எட்டு தரவுக்கு, ஒன்று பிழை பார்க்க. எட்டுத் தடமும் ஒரே நேரத்தில் வாசிக்கப்படுவதால் அங்குலத்துக்கு 1600 பிட் என்று எழுதியிருந்தாலும் அங்குலத்துக்கு 1600 பைட் என்றே படிக்க வேண்டும். செக்கனுக்கு 75 அங்குலம் ஓடும் நாடா செக்கனுக்கு 1,20,000 பைட் தரும். பெயரை நம்பி இன்னொரு முறை எட்டால் வகுத்தவருக்கு எட்டில் ஒரு பங்கு விடைதான் கிடைக்கும்.

தொலைபேசியின் ஏணி

தொலைத்தொடர்பு எண்கள் எல்லாவற்றுக்கும் அடியில் மனிதக் குரல் இருக்கிறது. தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்துகிறது. அதை எண்ணாக மாற்ற செக்கனுக்கு 8000 தடவை மாதிரி எடுத்து, ஒவ்வொரு மாதிரியையும் 8 பிட்டில் எழுதுகிறார்கள். 8000 தடவை 8 என்றால் 64,000. செக்கனுக்கு 64 கிலோபிட் என்பது ஒரு குரல். இதில் கிலோ என்பது சுத்தமான ஆயிரம். தொலைத்தொடர்பில் 1024 என்ற பேச்சே கிடையாது.

இப்படி 32 வழிகளை ஒன்றாகக் கட்டினால் 2.048 மெகாபிட் வரும். இதுதான் இ-1. ஐரோப்பாவில் பிறந்து உலகின் பெரும்பகுதிக்குப் பரவிய இந்த முறையே இலங்கையிலும் உள்ளது. அமெரிக்கா 24 வழிகளைக் கட்டி 1.544 மெகாபிட்டில் டி-1 என்று வேறு ஏணி போட்டுக்கொண்டது. அங்கு எழுதப்பட்ட கையேட்டைப் பார்த்து இங்குள்ள இணைப்புக்குக் கணக்குப் போட்டால் கால்வாசி தவறிவிடும். இ-1இன் 32 வழிகளில் ஒன்று சட்டகத்தின் தொடக்கத்தைக் காட்டுவதற்குப் போகும். இன்னொன்று பெரும்பாலும் அழைப்புக் குறிகளுக்குப் போகும். மிஞ்சுவது 30 குரல், அதாவது 1.92 மெகாபிட். பெயரில் 2.048 இருந்தாலும் கைக்கு வருவது 1.92. எட்டால் வகுத்தால் செக்கனுக்கு 0.24 மெகாபைட்.

அடுத்த படிகளில் ஒரு விசித்திரம் உண்டு. நான்கு இ-1 சேர்ந்தால் 8.192 வர வேண்டும்; தரத்திலோ 8.448 என்று இருக்கிறது. அதற்கும் மேலே 34.368, பிறகு 139.264. எதுவும் கீழ்ப்படியின் சரியான நான்கு மடங்கு அல்ல. ஒவ்வொரு நிலையத்தின் கடிகாரமும் மயிரிழை அளவு முன்னும் பின்னுமாக ஓடியதால், தாமதமாக வரும் வரிசைக்கு இட்டு நிரப்ப வெற்றுப் பிட்டுகள் தேவைப்பட்டன. அந்த நிரப்பல்தான் உபரி. கடிகாரங்களை ஒன்றாகக் கட்டிய எஸ்டிஎச் முறை வந்த பிறகு எண்கள் ஒழுங்காயின. அதன் அடிப்படைப் படியான எஸ்டிஎம்-1இன் ஒரு சட்டகம் 270 நிரல், 9 நிரை; ஒவ்வொரு கட்டமும் ஒரு பைட். செக்கனுக்கு 8000 சட்டகம். பெருக்கிப் பார்த்தால் 155.52 மெகாபிட். எஸ்டிஎம்-4 அதன் நேர் நான்கு மடங்கு, 622.08. ஆனால் 270 நிரல்களில் 10 நிரல் முகவரிக்கும் பராமரிப்புக்கும் போய்விடும். ஆகவே எஸ்டிஎம்-1 உண்மையில் சுமப்பது 149.76 மெகாபிட், அதாவது 18.72 மெகாபைட். அதற்குள் 63 இ-1 அடங்கும். குரலில் சொன்னால் 1890 அழைப்பு.

சேமிப்பின் ஏணி

சேமிப்புக் கருவிகளில் பழையவற்றுள் இன்றும் அலுமாரி மூலையில் அகப்படுவது மூன்றரை அங்குல ஃபுளொப்பி. அதன் மேல் அச்சிட்ட 1.44 மெகாபைட் எந்தக் கணக்கிலும் சேராது. ஃபுளொப்பியில் 512 பைட் கொண்ட 2880 கூறுகள்; மொத்தம் 14,74,560 பைட். அதை 1000 தடவை 1000 ஆல் வகுத்தால் 1.47. 1024 தடவை 1024 ஆல் வகுத்தால் 1.41. ஆயிரத்தையும் 1024ஐயும் ஒன்றாகப் பெருக்கி வகுத்தால்தான் 1.44 வரும். இரண்டு முறையும் கலந்த இந்தக் கலப்படத்தை உலகமே இருபது வருடம் கேள்வி கேட்காமல் வாங்கிப் பாவித்தது.

ஃபுளொப்பியின் வேகமும் இதே கதை. கருவியின் விவரத்தில் செக்கனுக்கு 500 கிலோபிட் என்று இருக்கும். அது தலை வாசிக்கும் எல்லாத் துடிப்புகளின் எண்ணிக்கை. கூறுகளுக்கு இடையிலான வெற்றிடமும் முகவரியும் அதில் சேர்த்தி. வட்டு நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது செக்கனுக்கு 5 சுற்று. ஒரு சுற்றில் 18 கூறு. பெருக்கினால் செக்கனுக்கு 46,080 பைட்தான் தரவு, பிட்டில் 368.64 கிலோபிட். முழு வட்டையும் வாசிக்க 32 செக்கன் ஆகும். அதையே 64 கிலோபிட் குத்தகை இணைப்பில் அனுப்பினால் 184 செக்கன். வங்கிக் கிளைகள் அப்படி ஒரு இணைப்பையே பெரிய வசதியாக நினைத்த காலம் ஒன்று இருந்தது. அன்று மட்டமான ஃபுளொப்பிகூட அந்தக் கம்பியை விட ஏறத்தாழ ஆறு மடங்கு வேகம்.

இறுவட்டு வந்ததும் இடைவெளி இன்னும் பெருத்தது. தரவு இறுவட்டின் ஒரு மடங்கு வேகம் செக்கனுக்கு 1,53,600 பைட், அதாவது 1.23 மெகாபிட், ஒரு இ-1க்குள் தாராளமாக அடங்கும். கடையில் விற்ற 52 மடங்கு டிரைவோ செக்கனுக்கு 64 மெகாபிட் வரை போகும். வட்டின் வெளி ஓரத்தில் மட்டும்தான் அந்த வேகம். என்றாலும் 64 மெகாபிட் என்பது 33 இ-1க்குச் சமம், குரலில் ஆயிரம் அழைப்பு. ஒரு நடுத்தர ஊரின் தொலைபேசி நிலையம் வெளியூருக்குத் தள்ளக்கூடிய அளவை மலிவான ஒரு பிளாஸ்டிக் தட்டு உள்வாங்கிக்கொண்டிருந்தது.

டிவிடியின் ஒரு மடங்கு இறுவட்டின் ஒரு மடங்கு அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். டிவிடியில் ஒரு மடங்கு 11.08 மெகாபிட், அதாவது இறுவட்டைப் போல ஒன்பது மடங்கு. இரண்டின் கொள்ளளவும் வேறு வேறு கணக்கில் எழுதப்படும். இறுவட்டின் 700 மெகாபைட் 1024 கணக்கு. பைட்டில் 73 கோடிக்கு மேல். டிவிடியின் 4.7 கிகாபைட் ஆயிரக் கணக்கு. ஏறத்தாழ 470 கோடி பைட். அதே டிவிடியைக் கணினியில் போட்டால் 4.38 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, விண்டோஸ் 1024 ஆல் வகுத்துவிட்டுப் பழைய பெயரையே போடுகிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்க சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இல் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்று தனிப் பெயர்கள் வைத்தது. லினக்ஸ் ஆட்கள் ஓரளவு ஏற்றுக்கொண்டார்கள், கடைத்தெரு ஏற்கவில்லை.

ஆயிரமா 1024ஆ என்ற சண்டைக்கு இணையத்தில் கிடைக்கும் முக்கியத்துவம் அளவுக்கு மிஞ்சியது. கிலோவில் வித்தியாசம் 2.4 வீதம், மெகாவில் ஏறக்குறைய 5 வீதம், கிகாவில் 7 வீதத்துக்குக் கொஞ்சம் மேல். பிட்டையும் பைட்டையும் மாற்றிப் பிடித்தால் விடை எட்டு மடங்கு பிசகும். இறக்கும் வேகத்தையும் ஏற்றும் வேகத்தையும் மாற்றிப் பிடித்தால் சில இணைப்புகளில் பத்து மடங்கே பிசகும். பெரிய ஓட்டையை முதலில் அடைப்பதே நல்லது.

பத்தால் வகுப்பது

அனுபவமுள்ள ரெக்னீசியன்கள் எட்டால் வகுப்பதில்லை, பத்தால் வகுப்பார்கள். இதற்குப் பழைய காரணம் மோடம். தொடர் இணைப்பில் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு தொடக்கப் பிட், பின்னால் ஒரு முடிவுப் பிட் போகும். எட்டோடு இரண்டு சேர்ந்து பத்து. 2400 பிட் மோடம் செக்கனுக்கு 240 எழுத்து அனுப்பியது அப்படித்தான். அந்த வேகத்தில் ஒரு ஃபுளொப்பி நிறையத் தரவை அனுப்ப 6144 செக்கன் வேண்டும். ஒரு மணித்தியாலம் 42 நிமிடம்.

வீட்டு இணைப்புகளில் தொடக்கப் பிட்டும் முடிவுப் பிட்டும் வழக்கொழிந்த பிறகும் பத்து போகவில்லை. பட்டைக் கேபிளைத் தூக்கிவிட்டு மெல்லிய சாட்டா கேபிள் வந்தபோது, ஹார்ட் டிஸ்கும் தொலைபேசி போலவே பிட்டுகளை வரிசையில் அனுப்பத் தொடங்கியது. நீளமாகப் பூச்சியமோ ஒன்றோ வந்தால் மறுமுனை துடிப்பைத் தவறவிட்டுவிடும். அதைத் தடுக்க ஒவ்வொரு எட்டு பிட்டையும் பத்து பிட் குறியாக மாற்றி அனுப்புகிறார்கள். அதனால்தான் 1.5 கிகாபிட் சாட்டா 150 மெகாபைட். 3 கிகாபிட் 300. 6 கிகாபிட் 600. முதல் தலைமுறை யூஎஸ்பி 3 கூட 5 கிகாபிட்டில் 500 மெகாபைட்டே தரும். முற்றிலும் வேறான இரண்டு காரணங்கள் ஒரே வகுஎண்ணில் வந்து நிற்கின்றன.

செப்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்புக்கும் இந்தப் பத்து ஏறத்தாழப் பொருந்துகிறது, மூன்றாவது ஒரு காரணத்தால். ஏடிஎஸ்எல் தரவை 53 பைட் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டிலும் 5 பைட் முகவரி. அதற்கு மேல் இணையப் பொதியின் தலைப்பு, இணைப்பை அடையாளம் காட்டும் தலைப்பு, கடைசித் துண்டின் நிரப்பல் எல்லாம் சேரும். 1452 பைட் உண்மைத் தரவை அனுப்ப 32 துண்டுகள், அதாவது 1696 பைட் கம்பியில் ஓட வேண்டும். கைக்கு வருவது 85.6 வீதம். கருவி காட்டும் 8 மெகாபிட்டிலிருந்து செக்கனுக்கு 0.86 மெகாபைட் கிடைக்கும். பத்தால் வகுத்தால் 0.8, அவசரக் கணக்குக்குப் போதும்.

ஒளியிழை இணைப்புக்குப் பத்து கொஞ்சம் அதிகம். அது சுமக்கும் ஈதர்நெட் முறையில் 1460 பைட் தரவுக்கு வழியில் 1538 பைட் ஆகும். 95 வீதம் கைக்கு வருகிறது. அங்கே எட்டரையால் வகுப்பதே பொருத்தம். ஒளியிழையிலும் பத்தால் வகுத்தால் கொஞ்சம் பொறுமை மிஞ்சும், அவ்வளவுதான்.

ஒரு மணித்தியால நாடா

ஆடி மாதத்தில் புத்தளக் கரையோரத்து உடப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு நடக்கும். அதையொட்டிய நாட்களில் தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குக் கூட்டம் கற்பிட்டி வீதியை நிறைக்கும். கலியாண வீடும் திருவிழாவும் படம்பிடிக்கும் ஸ்டூடியோக்களின் அலுமாரிகளில் 2000ஐ ஒட்டிய வருடங்களின் பதிவுகள் மினிடிவி நாடாக்களாகக் கிடக்கும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய அந்த நாடா, பழைய சேமிப்பை இன்றைய இணைப்புக்கு மாற்றும் கணக்குக்கு நல்ல உதாரணம். சவூதியிலோ கட்டாரிலோ இருக்கும் உறவினருக்கு அதை முழுத் தரத்தில் அனுப்ப வேண்டுமானால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

இலங்கையில் பாவிக்கும் பால் (PAL) தொலைக்காட்சி முறையில் ஒரு சட்டகம் 1,44,000 பைட். செக்கனுக்கு 25 சட்டகம். ஆக செக்கனுக்கு 36 லட்சம் பைட், அதாவது 3.6 மெகாபைட். கமெராவின் விவரப் புத்தகத்தில் 25 மெகாபிட் என்று இருக்கும். அது படத்துக்கு மட்டும். ஒலியும் நேரக் குறிப்பும் சேர்ந்து 28.8 மெகாபிட். ஒரு மணித்தியால நாடா 12.96 கிகாபைட். கமெராவிலுள்ள ஃபயர்வயர் வாசல் 400 மெகாபிட் தாங்கும் என்றாலும் நாடாவை ஓடவிட்டுத்தான் வாசிக்க முடியும். வாசலின் வேகத்துக்கு இங்கு வேலையில்லை. ஒரு மணித்தியால நாடாவைக் கணினியில் இறக்க ஒரு மணித்தியாலம்தான்.

கணினியில் இருக்கும் 12.96 கிகாபைட் இனி வெளியே போக வேண்டும். ஒரு முழு இ-1 கொடுத்தால், அதாவது 30 பேரின் தொலைபேசிப் பேச்சை நிறுத்திவிட்டு அனுப்பினால், 54,000 செக்கன், சரியாக 15 மணித்தியாலம். முழு எஸ்டிஎம்-1 கொடுத்தால் பதினொன்றரை நிமிடம். வீட்டு ஏடிஎஸ்எல்லில் விளம்பரத்தில் வரும் 8 மெகாபிட் இறக்குவதற்கானது. ஏற்றுவதற்கு 1 மெகாபிட் என்றால் பத்தால் வகுத்து 0.1 மெகாபைட், 36 மணித்தியாலம். துல்லியமாகப் போட்டால் ஏறக்குறைய 34. அதற்குள் மின்சாரம் ஒரு தடவை போனால் பல தளங்களில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏற்றும் வேகம் 20 மெகாபிட் உள்ள ஒளியிழை இணைப்பில் இதே வேலை ஒன்றரை மணித்தியாலத்தில் முடிகிறது.

ஸ்டூடியோக்கள் அந்தக் காலத்தில் நாடாவை டிவிடியாக அழுத்திக் கொடுத்தது வெறும் வசதிக்காக அல்ல. இரண்டு மணித்தியாலப் படத்தை 4.7 கிகாபைட்டுக்குள் அடைத்தால் செக்கனுக்கு 5.2 மெகாபிட்தான் வரும். நாடாவில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தீமிதிப்பின் தணலும் புகையும் அப்படி அழுத்தப்படும்போது கட்டம் கட்டமாக உடைந்து தெரிவது இதனால்தான்.

நுரைச்சோலைக்கு வெளியே நிற்கும் கப்பல்

கரையோரத்தில் இன்னொரு உதாரணம் கடலிலேயே நிற்கிறது. நுரைச்சோலையில் உள்ள லக்விஜய அனல்மின் நிலையம், 300 மெகாவாட் கொண்ட மூன்று அலகுகளுக்கும் வேண்டிய நிலக்கரியைக் கப்பலில் இறக்குமதி செய்கிறது. கப்பல் கரைக்கு வருவதில்லை. கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்க, பார்ஜ்கள் நிலக்கரியை இறங்குதுறைக்குக் கொண்டு வருகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்த வேலை நடக்காது. நிற்கும் ஒவ்வொரு கப்பலும் ஏஐஎஸ் என்ற கருவி மூலம் தன் இடத்தை வானொலியில் சொல்லிக்கொண்டே இருக்கும். சர்வதேசப் பயணம் செய்யும் மொத்தத் தொன்னளவு 300க்குக் குறையாத கப்பல்களுக்கு இது கட்டாயம். ஓடும்போது வேகத்தைப் பொறுத்து 2 முதல் 10 செக்கனுக்கு ஒரு முறை, நங்கூரத்தில் 3 நிமிடத்துக்கு ஒரு முறை.

ஒரே செய்தி கைமாறும்போது எப்படி ஊதிப்போகிறது என்பதை இங்கே தெளிவாகப் பார்க்கலாம். கப்பலின் இடம் சொல்லும் செய்தி 168 பிட், அதாவது 21 பைட். வானொலியில் அது 256 பிட் கொண்ட ஒரு நேரத்துண்டுக்குள் போகிறது. மிச்சம் தொடக்க அடையாளத்துக்கும் பிழைச் சோதனைக்கும். ஒரு அலைவரிசையில் நிமிடத்துக்கு 2250 துண்டு. 2250ஐ 256 ஆல் பெருக்கி 60 ஆல் வகுத்தால் செக்கனுக்கு 9600 பிட். ஏஐஎஸ்ஸின் அதிகாரபூர்வ வேகம் அதுதான்.

கற்பிட்டியில் ஒரு கூரையில் ரிசீவர் வைத்து அந்தச் செய்தியைப் பிடித்தால், அது கணினிக்கு என்எம்இஏ 0183 என்ற கப்பல் கருவித் தரத்தில் எழுத்து வரியாகப் போகும். ஆறு பிட்டுக்கு ஓர் எழுத்தாக 168 பிட் 28 எழுத்தாகிறது. முன்னால் பெயரும் காற்புள்ளிகளும், பின்னால் சோதனை எண்ணும் வரி முடிவும் சேர்ந்து வழக்கமாக 49 எழுத்து. இப்போது அது 392 பிட். அந்த வரி தொடர்க் கேபிளில் போகும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் தொடக்கப் பிட், முடிவுப் பிட் சேர்ந்து 490. ஒரே தகவலுக்கு 168, 256, 392, 490 என்று நான்கு அளவுகள். எந்த இடத்தில் நின்று அளக்கிறோம் என்று சொல்லாத வேக எண்ணுக்கு அர்த்தமில்லை.

என்எம்இஏ 0183இன் வழக்கமான வேகம் 4800 பிட். பத்தால் வகுத்தால் செக்கனுக்கு 480 எழுத்து. 49 எழுத்து வரி என்றால் செக்கனுக்குப் பத்துச் செய்திகூடப் போகாது. ஏஐஎஸ்ஸின் இரண்டு அலைவரிசையும் நிரம்பினால் செக்கனுக்கு 75 செய்தி வரும். அதனால் ஏஐஎஸ் கருவிகளுக்கு 38,400 பிட் வேகம் பாவிக்கப்படுகிறது. 3840 எழுத்தை 49 ஆல் வகுத்தால் 78. தேவை 75; நூலிழையில் தப்புகிறது. எட்டால் வகுத்திருந்தால் 98 வந்து, நிறைய இடம் மிச்சம் என்ற பொய்யான நிம்மதி கிடைத்திருக்கும்.

சேமிப்புப் பக்கம் இந்தக் கணக்கு மிகச் சிறியது. நங்கூரத்தில் நிற்கும் ஒரு கப்பல் நாளுக்கு 480 இடச் செய்தி அனுப்பும். 49 ஆல் பெருக்கினால் 23,520 பைட். பழைய ஃபுளொப்பி ஒன்றில் அந்தக் கப்பலின் இரண்டு மாத நிற்றலைப் பதிந்து வைக்கலாம்.

கொடுப்பவன் மெதுவாக இருந்தால்

வேகத்தைச் சரியாக மாற்றிய பிறகும் இரண்டு கருவிகளைப் பொருத்துவதில் ஒரு தொல்லை மிஞ்சும். அலுவலகங்கள் காப்புப் பிரதி எடுக்கும் எல்டிஓ நாடாக்களில் நான்காம் தலைமுறை 2007இல் வந்தது. அதன் கொள்ளளவு 800 கிகாபைட், வேகம் செக்கனுக்கு 120 மெகாபைட். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 1.6 டெராபைட், தரவு பாதியாகச் சுருங்கும் என்ற நம்பிக்கையில் போட்ட எண். ஏற்கெனவே சுருக்கப்பட்ட வீடியோவையும் படங்களையும் நாடா மறுபடி சுருக்காது. அவற்றுக்கு 800 மட்டுமே. நாடாவுக்குத் தரவு கொண்டுவரும் கிகாபிட் ஈதர்நெட்டோ தலைப்புகள் போக 118.7 மெகாபைட்டே தரும். நாடாவின் பசிக்கு ஒரு கவளம் குறைவு. வலையமைப்பு இதை விட மிக மெதுவானால் நாடா நின்று, பின்னால் சுற்றி, திரும்ப ஓடத் தொடங்கும். அப்படி முன்னும் பின்னும் ஓடினால் வேகமும் சரியும், நாடாவும் தேயும். பல டிரைவுகள் கொஞ்ச தூரம் தம் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கும். அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. வேகமான நாடாவை மெதுவான கம்பியில் கட்டுவதை விட, முதலில் ஹார்ட் டிஸ்கில் சேர்த்து அங்கிருந்து நாடாவுக்கு ஊற்றுவதே வழக்கம்.

செய்மதி இணைப்பில் வேறு ஒரு தடை. புவிநிலைச் செய்மதி வழியாகத் தரவு மறுமுனைக்குப் போய்ப் பதில் திரும்ப அரைச் செக்கனுக்கு மேல் ஆகும். இணையத் தரவைச் சரிபார்த்து அனுப்பும் டிசிபி முறையின் பழைய வடிவில் பதில் வராமல் 65,535 பைட்டுக்கு மேல் அனுப்ப முடியாது. போகவர 0.55 செக்கன் என்றால் செக்கனுக்கு 1.19 லட்சம் பைட், அதாவது 0.95 மெகாபிட். இணைப்பு 10 மெகாபிட் என்று பணம் கட்டினாலும் ஒரு பைல் அந்த 0.95ஐத் தாண்டாது. 1992இல் வந்த திருத்தம் இந்த எல்லையைப் பெரிதாக்கியது. பழைய கருவிகள் அதை அறியாமலே ஓடிக்கொண்டிருந்தன.

பஸ்ஸில் போகும் டிஸ்க்

புத்தளத்திலிருந்து சிலாபம், நீர்கொழும்பு வழியாகக் கொழும்புக்கு ஏ3 வீதியில் பஸ் ஓடச் சுமார் நான்கு மணித்தியாலம் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். பயணியின் பையில் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அந்தத் தரவின் வேகம் என்ன? 14,400 செக்கனால் வகுத்தால் செக்கனுக்கு 69.4 மெகாபைட், அதாவது 555 மெகாபிட். ஒரு எஸ்டிஎம்-4க்குக் கிட்டிய வேகம், பஸ் கட்டணத்தில். வலையமைப்பு பாடங்களில் வாகனம் நிறைய நாடா ஏற்றி அனுப்பும் இந்தக் கணக்கு பழைய பகிடி.

பகிடியில் விட்டுப்போவது பிரதி எடுக்கும் நேரம். டிஸ்கில் ஏற்றவும் வேண்டும், போய்ச் சேர்ந்த பின் இறக்கவும் வேண்டும். யூஎஸ்பி 2 வாசல் 480 மெகாபிட் என்று சொன்னாலும் நடைமுறையில் செக்கனுக்கு 33 மெகாபைட் அளவே தரும். ஒரு டெராபைட்டுக்கு எட்டரை மணித்தியாலம், இரண்டு தடவை என்றால் 17. பயணத்தோடு 21 மணித்தியாலம். சராசரி வேகம் 106 மெகாபிட்டாக விழுந்துவிடும், எஸ்டிஎம்-1க்கும் கீழே. யூஎஸ்பி 3 வாசலில் டிஸ்கே தடை. செக்கனுக்கு 120 மெகாபைட் என்றால் இரண்டு பிரதிக்கும் நாலரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். பயணம் சேர்த்து எட்டரை. சராசரி 258 மெகாபிட்.

20 மெகாபிட் ஏற்றும் ஒளியிழையில் அதே டெராபைட் போக 117 மணித்தியாலம், ஏறக்குறைய ஐந்து நாள். டெராபைட் அளவில் பஸ் சுலபமாக வெல்கிறது. அளவு குறையக் குறைய நான்கு மணித்தியாலப் பயணம் பாரமாகும். இரண்டும் சமமாகும் இடம் 35.6 கிகாபைட். மினிடிவி நாடாக் கணக்கில் இரண்டு நாடாவைக் கம்பியில் அனுப்ப மூன்று மணித்தியாலம், பஸ்ஸில் நான்கு மணித்தியாலம் 7 நிமிடம். மூன்று நாடா என்றால் கம்பியில் நான்கு மணித்தியாலம் 33 நிமிடம், பஸ்ஸில் நான்கு மணித்தியாலம் 11 நிமிடம். அதுவும் பஸ் தரிப்பில் காத்திருக்காமல் உடனே ஏறினால்.